இஸ்திரிப் பெட்டியால் அச்சாகும் பனியன்: கை உழைப்பையும் கணக்கில் எழுதுங்கள்!

(பனியன் கம்பெனி பிரிண்டிங் பகுதியில் 35 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தோழர் ஒருவர், திருப்பூரை அடுத்த ஒரு கிராமப் படிப்பகத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் முக்கியப் பகுதிகளைக் கீழே தருகிறோம்.)



இன்று என்னை அரசியல் பேசக் கூப்பிடவில்லை. "அண்ணா, வீட்டிலேயே டீ-ஷர்ட்டில் படம் பதிக்கிறார்களே, அதை எங்களுக்குச் சொல்லித் தாருங்கள்" என்று கபடிக் குழுத் தம்பிகள் கேட்டார்கள். ஆகவே மேடையில் ஒலிபெருக்கியோடு ஓர் இஸ்திரிப் பெட்டியும் இருக்கிறது. பேசிக்கொண்டே செய்து காட்டுகிறேன். சந்தேகம் வந்தால் நடுவிலேயே கேளுங்கள். கூச்சப்பட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய், அங்கே ஒரு பனியனைப் பாழாக்க வேண்டாம்.

இந்த டீ-ஷர்ட் யாருடைய உடுப்பு? இன்று கடைக் கண்ணாடிக்குள் பொம்மைக்கு மாட்டி வைத்திருக்கிறார்கள். ஆனால் அது பிறந்த இடம் வேறு. 1913இல் அமெரிக்கக் கடற்படை தன் மாலுமிகளுக்கு உள்ளாடையாகக் கொடுத்த உடுப்பு அது. மாலுமியும், ஆலைத் தொழிலாளியும், வயலில் உழைப்பவனும் வேர்வையை உறிஞ்சுவதற்காக உள்ளே போட்டுக்கொண்டது. 1951இல் வந்த ஓர் ஆங்கிலப் படத்தில் மார்லன் பிராண்டோ, உழைப்பாளிக் குடும்பத்து மனிதனாக அதை வெளியுடையாகவே போட்டுக்கொண்டு நடித்தார். அதைப் பார்த்து ஊரெல்லாம் போட ஆரம்பித்தது. இதற்கிடையில் நெஞ்சில் எழுத்தும் ஏறிவிட்டது. 1948 அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் டூயி என்ற வேட்பாளருக்காகப் பிள்ளைகளின் டீ-ஷர்ட்டில் கோஷம் அச்சடித்தார்கள். கோஷம் நன்றாகத்தான் ஏறியது. தேர்தலில் ஜெயித்தவர் ட்ரூமன்!

நமது திருப்பூர், உலகத்துக்கே பனியன் தைத்து அனுப்புகிற ஊர். நான் 35 ஆண்டுகள் அச்சு மேசைக்கு முன்னால் நின்றவன். எந்த நாட்டுக் கல்லூரியின் பெயர், எந்தக் கம்பெனியின் முத்திரை, எந்த ஊர்ப் பந்தாட்டக் குழுவின் எண் என்று என் கையால் அடித்ததற்குக் கணக்கே இல்லை. ஆனால் என் பேரன் நெஞ்சில் என் ஊரின் பெயரை அடித்துக் கொடுத்ததுண்டா? இல்லை. நாலு பனியனுக்காக ஸ்கிரீன் போடச் சொன்னால் எந்தப் பட்டறையிலும் சிரிப்பார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சட்டம் வேண்டும். சட்டத்துக்கு ஆகும் செலவு நாலு பனியனில் வராது. இந்தக் குறையைத்தான் டிரான்ஸ்பர் பேப்பர் தீர்க்கிறது. ஒரே ஒரு பனியன் வேண்டுமா? அதையும் செய்துகொள்ளலாம்.

மூன்று பனியன் பாழான கதை

எப்படிச் செய்வது என்று சொல்லுமுன், எப்படிச் செய்யக் கூடாது என்பதைச் சொல்கிறேன். ஏனெனில் அதை நான் செய்திருக்கிறேன்.

போன பொங்கலுக்கு முன்னால், இதோ உட்கார்ந்திருக்கிறார்களே, இந்தத் தம்பிகள் 12 வெள்ளைப் பனியன்களோடு என் வீட்டுக்கு வந்தார்கள். ஆடுகளத்தில் ஏழு பேர், மாற்றுக்கு ஐந்து பேர். அவர்களில் பாதிப் பேர் கரும்பு வெட்டுகிறவர்களின் பிள்ளைகள். மீதிப் பேர் மில்லில் ஷிப்ட் போகிறவர்கள். ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்ட பணம். "ஊர்ப் பெயரும் எண்ணும் வேண்டும் அண்ணா" என்றார்கள். நான் என்ன சொன்னேன்? "35 வருஷம் பிரிண்டிங்கில் இருந்தவனுக்கு இது ஒரு வேலையா?" என்றேன்.

ஸ்கிரீன் பிரிண்டிங்கில் எழுத்து நேராகவே இருக்கும். நேராகவே துணியில் விழும். அதே பழக்கத்தில், படத்தை நேராகவே தாளில் அச்செடுத்து வந்துவிட்டேன். துணிமேல் கவிழ்த்து வைத்துத் தேய்த்தேன். நான் வாங்கியது நன்றாக ஆறிய பிறகு உரிக்க வேண்டிய தாள். அதனால் ஒன்றை ஆற வைத்துவிட்டு அடுத்ததைத் தேய்த்தேன். அதையும் வைத்துவிட்டு மூன்றாவதைத் தேய்த்தேன். பிறகு முதல் பனியனை உரித்த தம்பி ஒரு நிமிஷம் பேசவில்லை. "தாத்தா, எழுத்து திரும்பி விழுந்திருக்கே!" என்றான்.

மூன்று பனியன்! ஒட்டியது ஒட்டியதுதான், கழுவினாலும் சுரண்டினாலும் போகாது. என் கைக்காசைப் போட்டு வேறு மூன்று வாங்கிக் கொடுத்தேன். தம்பிகள் நல்லவர்கள், அந்த மூன்றையும் உள்பக்கம் வெளியே தெரியும்படி போட்டுக்கொண்டு பயிற்சிக்குப் போகிறார்கள். ஆனால் அதற்குள் என் கர்வம் இறங்கிவிட்டது. கம்பெனியில் புதுப் பையன்களுக்கு நானே தினமும் சொன்ன விதி ஒன்று உண்டு: "சேம்பிள் போடாமல் புரொடக்ஷன் ஓட்டாதே!" அந்த விதியை வீட்டில் மறந்தவன் நான்தான்.

தாளுக்குள் என்ன இருக்கிறது?

இதோ பாருங்கள், இதுதான் அந்தத் தாள். பார்வைக்கு வழவழப்பான காகிதம். அடியில் இருப்பது வெறும் தாங்கு காகிதம். அதன்மேல் சூட்டில் இளகும் மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்று பூசியிருக்கிறது. நாம் அச்சிடும் மை அந்தப் படலத்தில் ஏறுகிறது. இஸ்திரிப் பெட்டியின் சூடு பட்டதும் படலம் இளகி, நூலிழைகளுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்கிறது. ஆறியதும் இறுகிவிடுகிறது.

வெல்லப்பாகு காய்ச்சிய தாய்மார்களுக்கு இது உடனே புரியும். சூடாக இருக்கும்போது எதிலும் ஒட்டும், ஆறினால் இறுகும், பதம் தப்பினால் இழை இழையாக வரும். இங்கேயும் பதம் இருக்கிறது. சூடு, அழுத்தம், நேரம் ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் அந்தப் பதம். மூன்றில் ஒன்று குறைந்தாலும் முதல் சலவையிலேயே ஓரம் பெயர்ந்துவிடும்.

தாளில் இரண்டு ஜாதி உண்டு. வெள்ளை, வெளிர் நிறத் துணிக்கு ஒன்று. கருநிறத் துணிக்கு மற்றொன்று. காரணம் எளிது. சாதாரண பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது. படத்தில் வெள்ளையாகத் தெரிய வேண்டிய இடத்தில் துணியின் நிறமே தெரியும். வெள்ளைப் பனியனில் அதனால் நஷ்டமில்லை. சிவப்புப் பனியனில் பதித்தால் மஞ்சள் எழுத்தும் மங்கிப் போகும். ஆகவே கருநிறத் தாளில் படலத்தோடு வெள்ளை அடித்தளமும் சேர்த்தே வருகிறது.

இன்னொரு ஜாக்கிரதை. இங்க்ஜெட், அதாவது மை தெளிக்கும் பிரிண்டருக்கான தாள் வேறு. லேசர் பிரிண்டருக்கான தாள் வேறு. ஜெராக்ஸ் கடைகளில் இருப்பது பெரும்பாலும் லேசர் வகை. அதற்குள் சூடான உருளை சுழல்கிறது. இங்க்ஜெட் தாளை அதில் விட்டால் படலம் உள்ளேயே உருகி உருளையைப் பிடித்துக்கொள்ளும். தாளும் போகும், கடைக்காரரின் மிஷினும் போகும், அவரோடு சிநேகமும் போகும்! என்ன பிரிண்டர் என்று கேட்டுவிட்டுத் தாள் வாங்குங்கள். பிக்மென்ட் மை இருக்கிறதா என்றும் கேளுங்கள். சாதாரண மையைவிட அது சலவையில் நன்றாக நிற்கும்.

வேலை முறை

முதலில் பனியன். பருத்தியாக இருக்கட்டும், பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்ததும் ஆகும். நைலான் வேண்டாம்; சூட்டில் சுருங்கிப் போகும். புதுப் பனியன் என்றால் ஒருமுறை அலசிக் காய வையுங்கள். கம்பெனியில் துணி மிருதுவாக இருப்பதற்காக ஒரு பூச்சுக் கொடுத்துத்தான் அனுப்புகிறோம். அது இருந்தால் படலம் பிடிக்காது. அலசும்போது துணி மிருதுவாக்கும் திரவம் எதுவும் சேர்க்காதீர்கள்.

அடுத்தது அச்சு. வெளிர் நிறத் துணிக்கான தாளில் படம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி அச்சாக வேண்டும். முதலில் சாதாரணக் காகிதத்தில் ஒன்று எடுத்து, முகம் பார்க்கும் கண்ணாடிக்கு முன் பிடியுங்கள். கண்ணாடிக்குள் எழுத்து நேராகப் படிக்க வந்தால் சரி. 'ப' போன்ற எழுத்துகளை மட்டும் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அவை திரும்பினாலும் பெரிதாக வித்தியாசம் தெரியாது. 'க', 'த', 'ழ' எல்லாவற்றையும் பாருங்கள். கடைக் கம்ப்யூட்டரில் நம் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால் எழுத்து கட்டம் கட்டமாக வந்துவிடும். ஆகவே எழுதியதைப் படமாகவோ பி.டி.எப். ஆகவோ மாற்றிக் கொண்டு போங்கள்.

அச்செடுத்த தாளைச் சற்று உலர விட்டு, படத்தை ஒட்டி வெட்டுங்கள். மை இல்லாத இடத்திலும் படலம் உண்டு. வெட்டாமல் விட்டால் பனியனில் கண்ணாடிக் காகிதம் ஒட்டியதுபோல் தெரியும். மூலைகளைக் கூராக விடாமல் வளைத்து வெட்டுங்கள். கூரான மூலைதான் முதலில் பெயரும்.

இப்போது இஸ்திரி. ஆவி விடும் விலையுயர்ந்த பெட்டி இல்லையே என்று யாரும் வருந்த வேண்டாம். நம் வீடுகளில் இருக்கிற பழைய கனமான சாதாரணப் பெட்டிதான் இதற்கு உத்தமம். ஆவிப் பெட்டியின் அடித்தட்டில் துளைகள் உண்டு. துளை இருக்கும் இடத்தில் சூடும் அழுத்தமும் குறையும். ஆவியின் ஈரமும் படலத்துக்கு ஆகாது. அந்தப் பெட்டிதான் இருக்கிறது என்றால் தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஆவியை நிறுத்திவிட்டு உபயோகியுங்கள். கரிப்பெட்டி வேண்டாம், அதில் சூட்டை ஒரே நிலையில் நிறுத்த முடியாது.

மெத்தென்ற போர்வையை விரித்துத் தேய்க்காதீர்கள். அழுத்தம் போர்வைக்குள் போய்விடும். கெட்டியான மரப் பெஞ்சின்மேல் ஒரே ஒரு மடிப்புப் பருத்தித் துணி போதும். பெஞ்சு இடுப்புக்குக் கீழே இருந்தால் உடம்பின் பாரத்தைக் கொடுத்து அழுத்தலாம். பெட்டியைப் 'பருத்தி' என்ற அளவில் வைத்து, முழுச் சூடு ஏறும்வரை பொறுத்திருங்கள். வெறும் பனியனை முதலில் ஒருமுறை தேய்த்துச் சுருக்கத்தையும் ஈரத்தையும் போக்குங்கள்.

பிறகு தாளைப் படம் கீழே இருக்கும்படி வையுங்கள். சட்டைக்கு இஸ்திரி போடுவதுபோல் இழுத்துக்கொண்டு ஓடாதீர்கள். வைத்து அழுத்துங்கள், எடுங்கள், பக்கத்தில் வைத்து அழுத்துங்கள். ஓரங்களை மறக்காதீர்கள். முழுத்தாள் படத்துக்கு மொத்தம் இரண்டு மூன்று நிமிஷம் ஆகும். சரியான நேரமும், சூடாக உரிக்க வேண்டுமா ஆறிய பிறகு உரிக்க வேண்டுமா என்பதும் தாளின் உறையில் எழுதியிருக்கும். அதுதான் சட்டம். உரிக்கும்போது ஓரத்தில் படலம் கூடவே எழும்பினால் பதறாதீர்கள். அப்படியே திரும்பப் படியவிட்டு இன்னொரு தடவை அழுத்துங்கள்.

கருநிறத் தாளுக்கு முறை நேர்மாறு. படம் நேராகவே அச்சாக வேண்டும். தாங்கு காகிதத்தை முதலிலேயே உரித்துவிட்டு, படம் மேலே பார்க்கும்படி துணியில் வைத்து, அதன்மேல் எண்ணெய் ஒட்டாத பேக்கரிக் காகிதம் ஒன்றைப் போட்டு அழுத்த வேண்டும். வெறும் பெட்டியை நேரே வைத்தால் படமெல்லாம் பெட்டியோடு வந்துவிடும்.

சலவை? ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் காட்டாதீர்கள். பிறகு உள்பக்கம் வெளியே திருப்பி, குளிர்ந்த தண்ணீரில் அலசி, நிழலில் காய வையுங்கள். துணி வெளுக்கும் பவுடர் கூடாது. கல்லில் அடித்துத் துவைக்கவும் கூடாது. படத்தின்மேல் இஸ்திரி வைக்கக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. சூடான பெட்டி இருக்கும் இடத்தில் சின்னக் குழந்தைகள் வேண்டாம். ஈரத் தரையில் நின்று வேலை செய்யாதீர்கள். கை சுட்டுவிட்டால் பற்பசையோ மையோ தடவாமல், ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிஷம் பிடியுங்கள்.

அடகுக்குப் போன தோடு

"இவ்வளவு சுலபமாக இருக்கிறதே அண்ணா, இதையே தொழிலாகச் செய்தால் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். ஆனால் அதற்கு முன் என் பக்கத்து வீட்டு அம்மணியின் கதையைக் கேளுங்கள்.

அவள் கைமடிக்கிறவளாக வேலை பார்த்தவள். குழந்தை பிறந்தபின் கம்பெனிக்குப் போக முடியவில்லை. "வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம், மிஷின் எங்களிடம் வாங்குங்கள், நீங்கள் பதிக்கும் பனியன்களையெல்லாம் நாங்களே எடுத்துக்கொள்கிறோம்" என்று ஒருவன் வந்தான். தோட்டையும் வளையலையும் அடகு வைத்து அவள் பணம் கட்டினாள். மிஷின் வந்தது, தாளும் வந்தது. இரவு பகலாக முதல் தவணையைச் செய்து கொடுத்தாள். "தரம் போதாது" என்று சொல்லிவிட்டார்கள். இரண்டாவது முறை போன் செய்தபோது மணி அடித்தது. மூன்றாவது முறை அதுவும் அடிக்கவில்லை.

தோழர்களே! அந்த மனிதன் விற்றது என்ன? மிஷினையா? இல்லை; ஒரு தாயின் ஆசையை அவளிடமே விற்றுவிட்டுப் போனான். பனியன் வியாபாரம் அவனுக்கு ஒரு சாக்கு. உங்கள் சரக்கை நானே வாங்குகிறேன், அதற்கு முன்பணம் கட்டு என்று எவன் சொன்னாலும் அவனை வாசலிலேயே நிறுத்துங்கள். வேலை கொடுக்கிறவன் கூலி கொடுப்பான். கூலிக்காரியிடம் பணம் கேட்கமாட்டான்.

கணக்குப் போடுவோம்

அவளும் நானும் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டோம். இது உதாரணக் கணக்கு. உங்கள் ஊர்க் கடை விலையை வைத்து நீங்களும் போட்டுப் பாருங்கள். பனியன் 120 ரூபாய், தாள் 35, மை 10, மின்சாரமும் சில்லறையும் 5. மொத்தம் 170. விற்கும் விலை 200 என்று வைத்துக்கொள்வோம். "30 ரூபாய் லாபம்" என்றாள் அவள்.

லாபமா? பத்து நல்ல பனியனுக்கு ஒன்று பாழாகிறது. அதன் 170 ரூபாயைப் பத்தில் பங்கிட்டால் ஒன்றுக்கு 17. மிஞ்சுவது 13 ரூபாய். அலசுவது, எழுத்துக் கோப்பது, வெட்டுவது, தேய்ப்பது, உரிப்பது, மடிப்பது எல்லாம் சேர்த்து ஒரு பனியனுக்கு 40 நிமிஷம் ஆகிறது. எட்டு மணி நேரம் முதுகு ஒடிய நின்றால் 12 பனியன். 12 பதின்மூன்று 156 ரூபாய். இதைப் பார்த்துவிட்டு அந்த அம்மணி சொன்னாள்: "அண்ணா, இது லாபமில்லை, என் கூலி. அதுவும் அரைக் கூலி!"

இதுதான் நான் இன்று உங்களிடம் சொல்ல வந்த விஷயம். வீட்டுக்குள் செய்யும் வேலைக்குக் கூலி எழுதும் பழக்கம் நம்மிடம் இல்லை. சோறு வடித்துக்கொண்டே செய்கிறோம், தொட்டிலை ஆட்டிக்கொண்டே செய்கிறோம். அதனால் அது வேலையில்லை என்று நாமே நினைத்துக்கொள்கிறோம். நாம் எழுதாத கூலியை அடுத்தவன் எழுதுவானா? 1996இல் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 177ஆம் எண் உடன்படிக்கையை நிறைவேற்றியது. கூலிக்காக வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களை மற்றத் தொழிலாளர்களுக்குச் சமமாக நடத்த வேண்டும்; கூலியிலும், பாதுகாப்பிலும், சங்கம் சேரும் உரிமையிலும் அந்தச் சமத்துவம் வேண்டும் என்பது அதன் சாரம். அந்த ஸ்தாபனம் ஒப்புக்கொண்ட நியாயத்தை நம் வீட்டுக் கணக்கு நோட்டு ஒப்புக்கொள்ள வேண்டாமா?

அன்றே அவள் நோட்டில் ஒரு புதுப் பத்தி போட்டாள்: "கைக்கூலி". மணிக்கு இவ்வளவு என்று எழுதி, அதைச் சேர்த்துத்தான் விலை சொல்கிறாள். பனியனை வாடிக்கையாளரே கொண்டுவர வேண்டும்; அதனால் முதல் போட வேண்டியதில்லை. எழுத்து வடிவத்தைக் காகிதத்தில் காட்டி ஒப்புதல் வாங்கிய பிறகே தாளில் ஏற்றுகிறாள். பன்னிரண்டாகச் சேர்த்துச் செய்வதால் ஒன்றுக்கு ஆகும் நேரமும் பாதியாகக் குறைந்துவிட்டது. சினிமா நடிகர் படமோ, பெரிய கம்பெனியின் முத்திரையோ பதித்து விற்கமாட்டாள். அது அடுத்தவர் உரிமை, வம்பு வரும். நூறு பனியன் கேட்டு வந்தால், "அது ஸ்கிரீன் பட்டறை வேலை, அங்கே மலிவாகவும் கெட்டியாகவும் கிடைக்கும்" என்று நேர்மையாகச் சொல்லி அனுப்புகிறாள். அப்படி அனுப்பியவர்களே மறுபடி நாலு பனியனுக்கு அவளிடம் வருகிறார்கள்.

வளையல் திரும்பி வந்துவிட்டது. தோடு இன்னும் அடகில்தான் இருக்கிறது. நான் பொய் சொல்ல மாட்டேன். இதில் மாடி வீடு கட்ட முடியாது. ஆனால் செய்த வேலைக்கு என்ன கிடைத்தது, ஏன் கிடைத்தது என்று இன்று அவளுக்குத் தெரியும்.

கடைசியாக ஒரு வார்த்தை

இதோ, நான் பேசப் பேசத் தேய்த்த பனியன் ஆறிவிட்டது. உரிக்கிறேன். (உரித்துக் காட்டுகிறார், கைதட்டல்.) நம் படிப்பகத்தின் பெயர். எழுத்து நேராகத்தான் இருக்கிறதா என்று முன்வரிசைத் தம்பி பார்த்துச் சொல்லட்டும்!

பிள்ளையின் பிறந்த நாளுக்குச் செய்யுங்கள். கபடிக் குழுவுக்குச் செய்யுங்கள். பள்ளிக்கூட விழாவுக்குச் செய்யுங்கள். அன்புக்காகச் செய்யும்போது காசு கேட்க வேண்டாம். ஆனால் விலைக்குச் செய்யும்போது தாளின் விலையை எழுதுங்கள், மையின் விலையை எழுதுங்கள், அவற்றுக்கு மேலே முதல் வரியில் உங்கள் கையின் விலையை எழுதுங்கள். தாளும் மையும் கடையில் கிடைக்கும். கை நம்முடையது.